பகலில் நித்திரை கொள்பவரின் கதவு

"ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் நாயைப் பார், பிறகு..." என்று என் பெரியையா ஏதோ சொல்லுவார். பிறகு எதைப் பார்க்கச் சொன்னார் என்பது மறந்துவிட்டது. ஒருநாள் யோசித்தால் 'முகத்தைப் பார்' என்று சொன்னதுபோல் இருக்கும். இன்னொரு நாள் 'திரும்பிப் போற வழியைப் பார்' என்றதுபோல் இருக்கும். எதுவானாலும், வீட்டு வாசலில் வேண்டாதவர் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது இப்போது என் தொழில். மணி, கமெரா, கதவுச் சங்கிலி, கண்ணாடியில் ஒட்டுகிற மங்கல் தாள் எல்லாவற்றையும் என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆக்லண்ட் முழுவதும் திரிகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளையாக இங்கே வந்து, தமிழில் கற்ற கணக்கை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸாகி, நடுவில் பல வருடம் கொழும்பில் இருந்துவிட்டு, நாற்பது கடந்த பிறகு மறுபடி இந்த ஊருக்கே வந்து சேர்ந்தவன் நான். கொழும்பில் எங்கள் வீட்டு மணி ஓய்ந்ததில்லை. இங்கே திரும்பி வந்த முதல் சில மாதங்கள் எங்கள் கதவை ஒருவரும் தட்டவில்லை. அந்த அமைதியில் நான் பகலில் கண் திறந்தபடியே கனவு காணப் பழகிவிட்டேன். பிறகு எங்களை எல்லோருக்கும் தெரியவந்தது. சனிக்கிழமை காலை மணி அடித்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டி, மூச்சை அடக்கி இருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நாம் எல்லோரும் ஒரே கட்சி.

சிவப்பு விளக்கில் ஒரு கனவு

பத்மாக்காவின் வீடு ஒனிஹங்காவில், ஒரு நீண்ட டிரைவ்வேயின் கடைசியில் இருக்கிறது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் மனுகாவ் கடலின் ஒரு துண்டு தெரியும். நீர் வற்றிய நேரத்தில் அது கடல் மாதிரியே இராது, யாரோ பாதியில் விட்டுப்போன சாம்பல் நிறத் துணி மாதிரி இருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் நர்ஸ். கணவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பிள்ளைகள் இல்லை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்ப வேண்டும். ஆனால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீடு விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்பவர், கூரை கழுவுபவர், ஹீட் பம்ப் விற்பவர், வேதம் சொல்ல வரும் இரண்டு பிள்ளைகள், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்ப்பவர்கள்.

என்னை அழைத்ததற்குக் காரணம் ஒரு கனவு. வேலை முடிந்து வரும்போது பென்ரோஸில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருக்கிறார். காருக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் மெல்ல ஏறி வருவதாகவும், தான் அதில் மிதப்பதாகவும் கண்டிருக்கிறார். பின்னால் நின்ற லொறியின் ஹோர்ன் சத்தத்தில் விழித்தபோது, பச்சை வந்து, போய், மறுபடி சிவப்பு வந்திருந்தது. "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் ஆரையாவது இடிச்சுப் போடுவன். இல்லாட்டி வார்டிலை ஆருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துப் போடுவன். இந்த வேலை போனால் வீட்டையும் விட வேணும்" என்றார். கண்கள் எங்கோ தூரத்தில் இருந்தன.

நான் என் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். கமெரா இருந்தால் திருடர்கள் கிட்ட வரமாட்டார்கள், இருட்டிலும் முகம் தெளிவாக விழும் என்றெல்லாம் சொன்னேன். பத்மாக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கள்ளராலை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கள்ளர் மணி அடிக்கிறதில்லை."

பலகையின் பலன்

என்னோடு வேலை செய்பவன் குமரன். மதுரைப் பக்கத்துப் பையன் என்று சொல்ல வந்தேன், அவனுக்கும் முப்பத்தைந்து ஆகிறது. மாணவ விசாவில் வந்து, படிப்பு முடிந்து, வீடு வீடாகக் கதவு தட்டி மின்சாரக் கம்பெனி மாற்றச் சொல்லும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன். இந்தத் தொழிலில் அவனை நான் சேர்த்ததற்கு அதுதான் காரணம். எதிர்ப் படையில் இருந்து வந்தவன் மாதிரி.

பத்மாக்காவுக்கு மலிவாக முடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்து, 'இரவு வேலை செய்பவர் உறங்குகிறார், தயவுசெய்து தட்டவேண்டாம்' என்று ஆங்கிலத்தில் அழகான ஒரு பலகை செய்வித்துக் கொண்டுபோனேன். குமரன் அதைக் கையில் வாங்கி, ஒரு பழைய நண்பரின் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். திருகாணியை எடு என்றேன். எடுக்கவில்லை. "ஏன்?" என்று கேட்டேன்.

"அண்ணே, போர்டு மாட்டுன வீட்லதான் நாங்க மொதல்ல தட்டுவோம். மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல முடியாதவங்கதான் போர்டு மாட்டுவாங்க."

கைக்குள் தெரிந்த முகம்

ஆகவே கமெரா வைத்த மணியையே வாசலில் பொருத்திப் பூட்டினோம். யாராவது பொத்தானை அமுக்கினால் கைத்தொலைபேசியில் முகம் தெரியும். படுக்கையை விட்டு எழும்பாமலே பதில் சொல்லலாம். முதல் சில நாட்கள் பத்மாக்கா மிகவும் நன்றாகச் செய்தார். கூரை கழுவுபவருக்கு "நோ, தாங்க் யூ." வீடு வாங்க வந்தவருக்கு "நொட் டுடே." பாதி நித்திரையிலேயே சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவாராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பொத்தானை அமுக்கியவர்கள் புலேந்திரன் அண்ணரும் அவருடைய மனைவி சரசக்காவும். பிளாட் புஷ்ஷில் இருந்து வருகிறவர்கள். பத்மாக்காவின் இறந்துபோன கணவரின் பழைய சிநேகிதர்கள். கையில் புட்டும் மீன் குழம்பும். பத்மாக்கா கண்ணைத் திறக்காமலே தொலைபேசியை எடுத்திருக்கிறார். திரையில் புலேந்திரன் அண்ணரின் மூக்குத்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எழும்பித்தானே ஆக வேண்டும். முகம் கழுவி, தேத்தண்ணி வைத்து, அவர்கள் போகும்போது பின்னேரமாகிவிட்டது. அன்றிரவு வேலைக்குப் போகும்போது கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல இருந்ததாம். இது வாரத்தில் இரண்டு மூன்று தரம் நடக்கிற விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவையளிட்டை, இந்த நேரம் வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ அக்கா?" என்று கேட்டேன்.

"முகத்தைப் பாத்த பிறகு வாங்கோ எண்டாமல் வேறை என்ன சொல்லுறது தம்பி? அதுக்கு முகம் தெரியாத பழைய மணியே பரவாயில்லைப் போலை."

வாசலில் கிடந்த செருப்பு

அடுத்த கிழமையே புலேந்திரன் அண்ணர் என்னை அழைத்தார். பத்மாவின் வீட்டில் பூட்டினது போல ஒன்று தனக்கும் வேண்டுமாம். பிளாட் புஷ்ஷில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வெயில் நேரத்தில் தெருவில் ஒரு மனிதரும் இருக்கமாட்டார். ஒரே மாதிரிக் கதவுகளுக்கு நடுவே நடந்து போனால், ஏற்கெனவே போன தெருவிலேயே திரும்பத் திரும்பப் போவதுபோல இருக்கும். சரியான கதவை நான் செருப்புகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அந்தச் செருப்புகள்தான் அவருடைய துயரமும். போன ஞாயிற்றுக்கிழமை, காப்புறுதி எடுக்கச் சொல்லி நச்சரிக்கும் சொந்தக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். கார் கராஜுக்குள் இருந்தது, திரைச்சீலை மூடியிருந்தது. குடும்பம் முழுவதும் விறாந்தை ஜன்னலுக்குத் தெரியாதபடி ஹோலில் நிலத்தில் படுத்துக்கொண்டார்கள். மகள் ஆங்கிலத்தில் சிரிக்கத் தொடங்க, சரசக்கா அவளுடைய வாயைப் பொத்தியிருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் வாசலில் குடும்பத்தின் செருப்புகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, படியில் வசதியாக உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கிவிட்டார். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். வீட்டுக்குள் செருப்புப் போடாத சனம் ஒளிந்துகொள்வது கஷ்டம்.

மணியைப் பூட்டி முடித்து, தேத்தண்ணி குடிக்கும்போது, சந்தர்ப்பம் பார்த்து நான் மெல்லச் சொன்னேன். பத்மாக்கா பகலில்தான் நித்திரை கொள்ளுகிறவர், மத்தியானத்தில் போனால் அவருக்குக் கரைச்சல்தானே, என்று. புலேந்திரன் அண்ணர் கோபிக்கவில்லை. உண்மையாகவே விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னது வீட்டுக்கு வாற ஆக்களைப் பற்றி. நாங்கள் போறது வேறை."

வெறும் வாசலின் படம்

கடைசியில் பத்மாக்காவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். காலையில் அவர் வந்து படுத்ததில் இருந்து பின்னேரம் எழும்பும் வரைக்கும் மணி ஊமை. வெளியே அமுக்குகிறவருக்குச் சத்தம் கேட்கும், உள்ளே கேட்காது. தொலைபேசியும் முழங்காது. கமெரா மட்டும் தன்பாட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் நிறைந்திருந்தது. பென்ரோஸ் விளக்கில் இப்போது ரேடியோவில் பாட்டு மாற்றுகிறாராம். கமெரா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இருவரும் மேசையில் இருந்து பழைய பதிவுகளைப் பார்த்தோம். என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஒருவரும் வராத வாசல். வேலியின் நிழல் படிமேல் ஊர்ந்து, ஏறி, இறங்கிப் போகும். பக்கத்து வீட்டுப் பூனை வந்து, கமெராவைப் பார்த்து, ஏதோ யோசித்துவிட்டுப் போகும். மழை வந்து கண்ணாடியில் ஒரு துளி தொங்கும், அதற்குள் முழு டிரைவ்வேயும் தலைகீழாக இருக்கும். அது விழும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நித்திரை கொள்ளும்போது அவருடைய வீடு என்ன செய்கிறது என்பதை இப்படித்தான் பார்க்க முடியும்.

அடுத்த பதிவில் புலேந்திரன் அண்ணர் வந்தார். தனியாக, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு. பொத்தானை அமுக்கினார், காத்திருந்தார். வாசலில் கிடந்த பத்மாக்காவின் செருப்பைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, காதைக் கதவோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். பெட்டியை வைக்காமலே திரும்பிப் போனார். அடுத்த பதிவிலும் அதே நிற்பு. அதற்கடுத்ததிலும்.

பத்மாக்கா திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"என்ன கேக்கிறார் உவர்? என்ரை குறட்டையையோ?"

மணி வேலை செய்யவில்லை என்று ஒரு அழைப்பு

ஒரு வியாழக்கிழமை. பென்ரோஸில் சாமான் எடுக்கிற கிடங்குக்கு முன்னால் வானை நிறுத்திவிட்டு நானும் குமரனும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புலேந்திரன் அண்ணர் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, நீர் பத்மாவுக்குப் பூட்டின மணி வேலை செய்யேல்லை."

ஒரு வீட்டு மணியைப் பற்றி இன்னொரு வீட்டாரிடம் பேசுவது எங்கள் தொழிலில் கூடாத காரியம். "நித்திரையா இருப்பா அண்ணர்" என்று மட்டும் சொன்னேன். "அதை மட்டும் எனக்குச் சொல்லாதையும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாங்கள் உடனே புறப்பட்டுப் போனோம். புலேந்திரன் அண்ணர் அழைத்த ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்னரே டிரைவ்வேயில் நின்றது, பக்கத்தில் அவரும் சரசக்காவும். சீருடை போட்ட பெண்மணி ஒருவர் படுக்கையறை ஜன்னலைத் தட்டிக் கூப்பிட, பத்மாக்கா எழும்பி வந்து கதவைத் திறந்திருக்கிறார். இரவுச் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். தலைமயிர் கலைந்திருந்தது. எழும்பிவிட்டேனா, இதுவும் கனவா என்று தீர்மானிக்க முடியாதவர் மாதிரி எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வந்தவர்கள் மரியாதையாக விசாரித்து, சிரித்து, போய்விட்டார்கள். அன்றிரவு வேலைக்கு வரமுடியாது என்று பத்மாக்கா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சொன்னார். அழைத்து முடித்ததும் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "புலேந்திரன் அண்ணை, எனக்கு இந்த வேலை போனால் நீங்களோ சோறு போடுவியள்? என்னை ஏன் படுக்க விடுறியள் இல்லை?" என்று கேட்டார். கத்தவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

சரசக்கா தலையைக் குனிந்துகொண்டார். புலேந்திரன் அண்ணர் சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி புல்லின்மேல் நின்றார். பத்மாக்காவின் கணவர் இறந்த நாளைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது, அவர் வீட்டில் தனியாக, படுக்கையில், நித்திரையோடு போனார் என்பதும், பத்மாக்கா வேலையால் வந்துதான் கண்டார் என்பதும் மட்டுமே. பத்மாக்காவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான் என்பது அவருடைய முகத்தைப் பார்த்தபோது விளங்கியது.

"அண்டைக்கு இரவு நீர் வேலைக்குப் போன பிறகும் நான் வந்து மணி அடிச்சனான் பத்மா. செருப்பு வாசலிலை கிடந்தது. நித்திரையாக்கும், குழப்பக் கூடாது எண்டு திரும்பிப் போனனான்."

உள்ளே நடந்தவர்கள்

மழை தூறத் தொடங்கியதால் எல்லோரும் உள்ளே போனோம். சரசக்கா கேட்காமலே குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டார். புலேந்திரன் அண்ணர் சாப்பாட்டு மேசையில், கையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். பத்மாக்கா சோபாவின் மூலையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே நீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றின்மேல் மெல்லிய ஒரு வெளிச்சம் நகர்ந்து வருவதுபோல இருந்தது. "நீங்கள் அண்டைக்குத் தட்டியிருந்தாலும் அவர் எழும்பியிரார் அண்ணை" என்றார். சிறிது நேரம் கழித்து, "என்ரை மனுசனை நீங்கள் எழுப்பேல்லை, என்னை மட்டும் எழுப்பிக்கொண்டு இருக்கிறியள்" என்றார். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. புலேந்திரன் அண்ணர் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சரசக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்தபோது பத்மாக்கா நித்திரையாகிவிட்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் சுற்றி இருக்கிறோம். சரசக்கா வெறுங்காலோடு நடந்து போர்வை எடுத்து வந்து போர்த்தினார். கோப்பைகளைக் கழுவினார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து புட்டை வைத்தார், மூடினார். புலேந்திரன் அண்ணர் இருமினார். குமரனின் கையில் இருந்து ஒரு கரண்டி விழுந்தது. பத்மாக்கா அசையவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்தது. புலேந்திரன் அண்ணர் கதிரையைச் சற்று அவர் பக்கம் திருப்பிப் போட்டு, அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கமெராவைப் புலேந்திரன் அண்ணரின் தொலைபேசியோடும் இணைத்துவிட்டால், பத்மாக்கா வீட்டுக்குள் போவதும் வருவதும் அவருக்குத் தெரியும், பிரச்சினை தீர்ந்தது என்று வரும் வழியில் குமரன் சொல்லியிருந்தான். ஒருவருடைய வாசலை இன்னொரு வீட்டில் இருந்து பார்க்கும்படி நான் ஒருபோதும் பூட்டிக் கொடுப்பதில்லை. அப்படிக் கேட்டு வருகிற கணவன்மாரையும் மாமியார்களையும் நிறையப் பார்த்தவன். இப்போது அவனே என் காதருகில் குனிந்தான்.

"அண்ணே, பாத்தீங்களா, ஆளுங்க நடமாட்டத்துக்கு இவங்க முழிக்கல. மணிதான் இவங்கள எழுப்புது."

எத்தனையோ கதவுகளை அடைத்துக் கொடுத்த பிறகு நான் கற்றது, வருகிறவரை நிறுத்துவதற்குச் சாமான்கள் உண்டு, வந்தே ஆக வேண்டியவரை நிறுத்த என் வானில் ஒன்றும் இல்லை என்பதுதான். பத்மாக்கா எழும்பிய பிறகு, இவர்கள் மணி அடிக்காமலே உள்ளே வரலாமா என்று அவரிடம் கேட்டேன், அவர் ஓம் என்றார். அடுத்த நாள் மணியை ஊமையாகவே விட்டுவிட்டு, முன்கதவுச் சாவியில் இன்னொன்று வெட்டுவித்து, சரசக்காவின் கையில் கொடுத்தேன்.